புஷ் சரியா இருந்தால் பேனா சரியா இருக்கும்
மரப் பேனா கடையும் சகோதரிகளுக்கு ஒரு பாடம்



கடைசல் வேலை நமக்குப் புதுசு இல்லை. அம்பாசமுத்திரம் மரச் சொப்பு பார்க்காத பெண் பிள்ளை உண்டா? சொப்புக் குடம் கொஞ்சம் பெருத்தாலும் குழந்தை கோபிக்காது. மரப் பேனா அப்படி இல்லை. மரமும் உலோகமும் சேரும் இடத்தில் சின்ன மேடு இருந்தாலும் விரலில் தட்டும்.

எங்கள் குழுவில் முதல் ஆர்டருக்கு 50 பேனா கொடுத்தோம். 18 திரும்பி வந்தது. "பாலிஷ் நல்லா இருக்கு, நுனிக்கிட்ட விரல் தட்டுதே" என்றார்கள். அந்த மாதக் கடன் தவணையைக் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் கட்டினோம். மரத்தில் குறை இல்லை, கைவேலையிலும் குறை இல்லை. புஷ் தேய்ந்திருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை.

புஷ் என்பது என்ன?

பேனாவுக்கான மரத் துண்டில் துளை போட்டு, பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டுகிறோம். அதை மாண்ட்ரல் என்ற கம்பியில் கோர்த்து லேத்தில் கடைகிறோம். மரத் துண்டின் இரண்டு பக்கமும் மாட்டும் சின்ன இரும்பு வளையம்தான் புஷ். மரத்தைக் கம்பியின் நடுவில் பிடித்துக்கொள்வது அதன் ஒரு வேலை. 'இந்த அளவு வரை கடை, இதற்கு மேல் போகாதே' என்று காட்டுவது இன்னொரு வேலை.

புஷ் தேய்ந்தால் அதன் அளவு குறையும். அதைப் பார்த்துக் கடையும் மரமும் மெலிந்துவிடும், உலோகம் மேடாக நிற்கும். கடைந்து எடுத்த மரத்தைத் திரும்பச் சேர்க்க முடியுமா?

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஒவ்வொரு பேனா மாடலுக்கும் தனி புஷ். பலரும் செய்யும் 7 மி.மீ. மெல்லிய பேனாவுக்கு புஷ்ஷின் வெளி அளவு ஏறக்குறைய 8.4 மி.மீ. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதனால் உதிரிபாகம் வாங்கும் இடத்திலேயே அதற்குரிய புஷ்ஷையும் வாங்குங்கள்.

2. "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று நம்பிவிடாதீர்கள். பேனாவின் உலோக நுனியையும் புஷ்ஷையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

3. புஷ் கம்பியில் லேசாக நுழைய வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. ஆடினால் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும்.

4. ஆரம்பத்தில் ஒரே ஒரு மாடல் போதும். பல மாடல் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் புஷ், டிரில் பிட் என்று முதல் முடங்கும். அந்தப் பணத்தில் அதே மாடலுக்கு இன்னொரு செட் புஷ் வாங்கி வைக்கலாம்.

வேலையின்போது

• உளியால் புஷ்ஷைத் தொடும் வரை கடையாதீர்கள். கொஞ்சம் மேலே நிறுத்தி, மீதியை உப்புத்தாளால் தேய்த்து, அளந்து முடியுங்கள்.

• உப்புத்தாள் புஷ்ஷையும் சேர்த்துத் தின்னும். அந்தக் கருப்புத் தூள் வெட்பாலை போன்ற வெள்ளை மரத்தில் ஏறினால் போகாது. தூளை மரத்தின் மேல் இழுக்காமல் அடிக்கடி துடையுங்கள்.

• நட்டை விரலால் இறுக்கினால் போதும். பலம் போட்டால் கம்பி வளைந்து பேனா கோணும்.

• சூப்பர் குளூவால் பாலிஷ் போடுபவர்கள் புஷ்ஷில் முன்கூட்டியே மெழுகு தடவுங்கள். ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல், சேரும் இடத்தில் கத்தியால் லேசாகக் கீறிப் பிரியுங்கள்.

• லேத் முன் நிற்கும்போது முந்தானையைச் செருகி, கூந்தலை முடிந்து, வளையலைக் கழற்றி, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பது எப்படி?

ஒவ்வொரு செட்டையும் தனி டப்பாவில் போட்டு, மாடல் பெயர், அளவு, வாங்கிய தேதி எழுதி ஒட்டுங்கள். துரு பிடிக்காமல் துளி எண்ணெய் தடவுங்கள். மாட்டும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மரத்தில் கறை ஏறும்.

இப்போது எங்கள் குழுவில் பத்து பேனாவுக்கு ஒரு முறை புஷ்ஷை அளந்து இருப்புப் பதிவேட்டில் எழுதுகிறோம். புதிதாக இருந்த அளவிலிருந்து 0.1 மி.மீ. குறைந்தால் ஒதுக்கிவிடுகிறோம். "இன்னும் நாலு பேனாவுக்கு ஓடுமே" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்த அந்த 18 பேனாவைக் காட்டுகிறோம். அவற்றைப் பட்டறையிலேயே வைத்திருக்கிறோம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் புஷ்ஷைக் கடைசியாக எப்போது அளந்தோம்?
2. அளந்து எழுதும் பொறுப்பு யாருடையது?
3. புது புஷ்ஷுக்கு என்று லாபத்தில் ஒரு பங்கு ஒதுக்குகிறோமா?