லயத்துக்குப் பத்துக் கதவு, அச்சு ஒன்று

கேள்வி: ஐயா, நாங்கள் இருக்கும் லயத்தை விட்டு, தோட்டத்தில் புதிதாகக் கட்டும் தனி வீடுகளுக்குப் போகப்போகிறோம். அதற்குள் எங்கள் லயத்தைப் பத்துக் காம்பராவோடும் அளவு பிசகாமல் சிறிதாகச் செய்து வைக்க ஆசை. சாதாரணக் களியில் செய்த கதவுகள் காயும்போதே வெடித்துவிட்டன. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், சூடாக்கினால் இறுகும் பொலிமர் களி இரண்டு பக்கெட் வாங்கிவந்தார். பத்துக் கதவும் ஒரேமாதிரி வர அச்சு எப்படிச் செய்வது? எங்களிடம் அவன் அடுப்பு இல்லை. தண்ணீரில் போட்டு அவிக்கலாமா? பேக்கரிப் போறணையில் கொடுத்து வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், நல்லதண்ணி

பதில்: தம்பி, கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன், அதில் ஆபத்து இருக்கிறது. போறணை வேண்டவே வேண்டாம். இந்தக் களி மண் அல்ல. பிவிசி பிளாஸ்டிக் தூளை எண்ணெய் போன்ற ஓர் இளக்கியோடு பிசைந்தது. பெரும்பாலான வகைகள் 110 முதல் 130 பாகை செல்சியஸில் இறுகும். பாண் போடும் போறணையின் சூடு 200ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் களி கருகி, ஹைட்ரஜன் குளோரைட் என்ற நச்சுப் புகை கிளம்பும். ஊரார் சாப்பிடும் பாண் வேகும் இடம் அது.

தண்ணீரில் அவிப்பதும் சரிவராது. கடற்கரை ஊரிலேயே தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடும். நல்லதண்ணி ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே 96 பாகை அளவிலேயே கொதி வந்துவிடும். எவ்வளவு நேரம் அவித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. கதவு இறுகினதுபோலத் தெரியும், வளைத்தால் உடையும்.

கனமான பழைய சட்டி ஒன்றில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்புங்கள். மேலே ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்து, இறுக்கமான மூடி போட்டு, மெல்லிய தீயில் சூடேற்றுங்கள். அவன் அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். கண் மதிப்பில் இந்த வேலை நடக்காது. பக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டில் முள் நிலையாக நின்ற பிறகே களியை உள்ளே வையுங்கள். மெல்லிய கதவுக்கு அரை மணி நேரம் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தச் சட்டியில் பிறகு எதுவும் சமைக்க வேண்டாம்.

இனி அளவு. லயத்தின் அடையாளமே அதன் நீளம்தான். ஒரே கூரையின் கீழ் இத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்பதைப் பார்த்தவுடன் காட்டுவது அதுதான். ஆகவே காம்பராவைக் குறைக்காதீர்கள், அளவைக் குறையுங்கள். 48இல் ஒரு பங்காகச் செய்தால் ஓர் அடிக்குக் கால் அங்குலம். பழைய காம்பரா பலவும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. உங்களுடையதும் அப்படியானால் தொங்கல் காம்பராவிலிருந்து மறு தொங்கல் வரை 25 அங்குலம் வரும். மேசையில் அடங்கும்.

மூலக் கதவு ஒன்றை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். காலாவதியான வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மி.மீ.; 48ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம், அசல் பலகைக் கதவின் தடிப்பு. அதை வெட்டி, 3 மி.மீ.க்கு ஒரு கோடாக ஊசியால் கீறினால் ஆறங்குலப் பலகைகள் வந்துவிடும். நிலைக்குத் தீக்குச்சி. அதன் 2 மி.மீ. கனம் நாலங்குலச் சட்டத்துக்குச் சமம். உங்கள் கதவின் அடிப்பக்கம் மழையில் அரித்திருந்தால் அதையும் செதுக்குங்கள். மூலத்தில் இல்லாத எதுவும் அச்சிலிருந்து வராது.

அச்சுக்கு, ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் சிலிக்கன் பசை போதும்; பிதுக்கினால் வினாகிரி மணக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதே அளவு சோளமா சேர்த்து, பாத்திரம் கழுவும் திரவம் தொட்ட விரலால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். மூலத்தில் வஸ்லின் மெல்லிசாகத் தடவி, ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை அழுத்திக்கொண்டே போங்கள். நடுவில் அழுத்தினால் காற்று சிக்கி, கதவில் குமிழாக நிற்கும். மறுநாள் கழற்றுங்கள்.

உங்கள் ஊர்க் குளிருக்குக் களி உதிரும். பொலிதீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்து பிசைந்தால் இளகும். அச்சில் முகப்பவுடர் தட்டி, களியை அமுக்கி, மேலே மிஞ்சியதைக் கத்தியால் மட்டமாகச் சீவிவிடுங்கள். அச்சோடு சேர்த்தே சூடாக்குங்கள். சிலிக்கன் இந்தச் சூட்டைத் தாங்கும், கதவும் கோணாது. வேகாத களியைப் பிளாஸ்டிக் அடிமட்டத்தின் மீதோ பெட்டியிலோ வைக்காதீர்கள், இளக்கி சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். கண்ணாடித் துண்டுதான் நல்லது. பெயின்ட் அக்ரிலிக்காக இருக்கட்டும். எனமல் பூசினால் பல நாள் பிசுபிசுக்கும்.

சுவரைக் களியில் செய்து வீணாக்காதீர்கள். அதற்குத் தடித்த மட்டையே நேராக நிற்கும்.

கூரைத் தகரமும் களியில் சரிவராது, தடித்துப்போகும். ஆனால் அதற்கு வேண்டிய அச்சைக் களியில் செய்யலாம். தகரத்தின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு வழக்கமாக மூன்று அங்குலம். நம் அளவில் 1.6 மி.மீ. கடையில் 16ஆம் நம்பர் கம்பியின் கனமும் அதுவே. நேரான கம்பித் துண்டுகளை இடைவெளியில்லாமல் ஓட்டில் ஒட்டி, பவுடர் தட்டி, களிக் கட்டியை மேலே அமுக்கி எடுத்து இறுக்குங்கள். கேக் வரும் அலுமினியத் தட்டில் வெட்டிய துண்டைக் கம்பிக்கும் கட்டிக்கும் நடுவே வைத்து நெரித்தால் தகரம் தயார். எட்டடித் தகரத்துக்கு இரண்டு அங்குலம் என்று துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின் விளிம்பு மற்றதின் மேல் ஏறும்படி ஒட்டுங்கள்.

கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயக் காம்பராவிலேயே அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, முடிந்தால் போய்வாருங்கள். இஸ்தோப்பு, அடுப்படி, புழங்கிய சாமான்களை அங்கே பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

ஆனால் அதற்கும் முன்னால், இந்த வாரமே, அளவு நாடாவோடு உங்கள் லயத்தை அளந்து எழுதுங்கள். கதவு, நிலை, இஸ்தோப்பின் அகலம், கூரையின் சரிவு, பீலி வரைக்குமான தூரம் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடிமட்டத்தை நிறுத்திப் படம் எடுங்கள். களி அடுத்த வருடமும் கடையில் கிடைக்கும், லயம் இடிந்த பிறகு அளவு கிடைக்காது.