பெரியம்மா எழுதுவது

ஈப்போ

அன்பு மகளே,

நேற்று போனில் நீ பாதியில் விழுங்கியதை நானே சொல்லிவிடுகிறேன். கணவரோடு சேரும்போது வலி, சிறுநீர் போனால் எரிச்சல். அதற்குப் பயந்து நீ விலகிப் படுக்கிறாய். அவரோ உனக்கு ஆசை விட்டுப்போனதாக நினைக்கிறார். வயது 49, எட்டு மாதமாகத் தீட்டு இல்லை. இது பிறப்புறுப்பு வறட்சி, மகளே. உன் அன்பில் ஒரு குறையும் இல்லை.

பிறப்புறுப்பின் உட்சவ்வைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் அது குறைகிறது. சவ்வு மெலிகிறது, கசிவு வற்றுகிறது, கிருமியைத் தடுக்கும் அமிலத்தன்மையும் குறைந்துவிடுகிறது. சிறுநீர்த்தாரை பக்கத்திலேயே இருப்பதால் அதற்கும் இதே கதி. பாலூட்டும் தாய்க்கும் கொஞ்ச காலம் இப்படி இருக்கும். உன் மகளுக்குச் சொல்லி வை.

சுங்கை சிப்புட் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தில், விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடிய பெண்கள் இதைத் தங்களுக்குள்கூடப் பேசியதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ஓர் ஆண். காய்ச்சலுக்கு மருந்து கேட்கலாம், இதை எந்த வாயால் கேட்பது? ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு, வலியையும் புருஷன் கோபத்தையும் சேர்த்துத் தாங்கினார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. உனக்கு அது வேண்டாம்.

கடையில் வாங்கினாயே, வெற்றிலை கலந்த அந்தக் கழுவும் மருந்து, அதை இன்றே நிறுத்து. வாசனைச் சோப்பு, டெட்டால் தண்ணீர் எல்லாமே இருக்கிற ஈரத்தையும் எடுத்துவிடும். வெளிப்புறத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும். பார்மசியில் இரண்டு விதமான ஜெல் கிடைக்கும். ஒன்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் உள்ளே வைப்பது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். மற்றது சேரும் நேரத்துக்கு மட்டும். தண்ணீரில் செய்ததாகக் கேட்டு வாங்கு. தேங்காய் எண்ணெய் ரப்பர் உறையைக் கெடுக்கும்; உறை இன்னும் தேவை, உன் வயதில் இரண்டு வருடம் முழுதாகத் தீட்டு நிற்காதவரை கரு தங்க வாய்ப்பு உண்டு.

இதில் அடங்காவிட்டால் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ. ஒரு ரிங்கிட்தான் கட்டணம். பெண் டாக்டர் வேண்டும் என்று முகப்பிலேயே கேள், கூச்சப்படாதே. உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ களிம்போ எழுதித் தருவார். பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நடுவில் விட்டால் வறட்சி திரும்பும். இந்தக் குறைந்த அளவில் இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம், பயப்படாதே. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. லேசர் வைத்து இளமையாக்குகிறோம் என்ற விளம்பரங்களுக்குப் பணம் கொடுக்காதே. தீக்காயமும் தழும்பும் வந்ததால் 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்தது.

உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ, தீட்டு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு வந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டு. கருப்பையிலோ கருப்பை வாயிலோ புற்றுநோய் இல்லை என்று உறுதியாக வேண்டும்.

மாப்பிள்ளையிடம் இன்றிரவே சொல். வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் கையில் கொடு. டாக்டரிடம் போகும்போது நீ தினமும் போடும் அலர்ஜி மாத்திரையையும் எடுத்துப் போய்க் காட்டு. அந்த மாத்திரைகளில் சில வகை வறட்சியைக் கூட்டும்.

அன்புடன்,
பெரியம்மா