எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்?

எலப்புள்ளி பாலக்காடு மாவட்டத்தில் உள்ள ஊர். தமிழ்நாட்டின் எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது. நெல் வயலும் பனை மரமும் உள்ள பகுதி. இந்த வட்டாரத்தில் தமிழும் கேட்கும், மலையாளமும் கேட்கும். நூலகத்தை இங்கே வாயனசாலை என்று சொல்வார்கள்.

இப்படி ஓர் ஊரில் ஓர் அக்கா இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். வயல் வேலை செய்பவர். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். பஸ்ஸில் உள்ள ஊர்ப் பெயரைப் படிப்பார். ரேஷன் கார்டைப் படிப்பார். ஒருநாள் அவர் வாயனசாலைக்குப் போகிறார்.

"தம்பி, ஒரு புத்தகம் குடுங்க."

"என்ன புத்தகம் வேணும் அக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? ஏதாவது நல்லதாப் பார்த்துக் குடுங்க."

நூலகத் தம்பி அலமாரியில் இருந்து ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துத் தருகிறார். பெயர் பெற்ற புத்தகம்தான். ஒரு வாரம் கழித்து அக்கா அதைத் திருப்பிக் கொண்டு வருகிறார்.

"படிச்சீங்களா அக்கா?"

"நாலு பக்கம் படிச்சேன். ஒண்ணும் புரியல. இந்தப் படிப்பெல்லாம் எனக்குச் சரிப்படாது தம்பி."

அக்கா போய்விட்டார். இனி வாயனசாலைப் பக்கம் வருவாரா? சந்தேகம்தான்.

தவறு யாருடையது? அக்கா மேல் தவறு இல்லை. புத்தகத்தின் மேலும் தவறு இல்லை. அந்த நேரத்தில் அந்தப் புத்தகம் அவருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் நஷ்டம் பெரியது. படிக்காமல் விட்டால் கற்ற எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மறந்து போகும். தினமும் தேய்க்காத பாத்திரம் கறுத்துப் போவது போலத்தான். ஆறு மாதம் இரவு விளக்கில் உட்கார்ந்து கற்றது வீணாகிவிடும்.

அதனால்தான் இந்தப் பாடம். நமக்கு ஏற்ற நல்ல புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேரளம் படித்த கதை

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் பெரிய விழா நடந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அன்று அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா. முதிய வயதில் எழுத்துக் கற்ற பெண்.

இந்த வெற்றிக்குப் பின்னால் நூலகங்களின் உழைப்பு இருந்தது. பி.என். பணிக்கர் என்ற ஆசிரியர் ஊர் ஊராகப் போய் நூலகங்களை வளர்த்தார். 1945ஆம் ஆண்டு அம்பலப்புழையில் நூலகங்களை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். படியுங்கள், வளருங்கள் என்பதே அவர் சொல்லி வந்த செய்தி. அவர் 1995ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் மறைந்தார். அந்த நாளைக் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நூலகம் வந்துவிட்டது. புத்தகமும் வந்துவிட்டது. ஆனால் ஆயிரம் புத்தகத்தில் நம் புத்தகம் எது? அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ரங்கநாதன் சொன்னது

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்தார். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். 1931ஆம் ஆண்டு நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக எழுதினார். உலகம் முழுவதும் நூலகம் பற்றிப் படிப்பவர்கள் இந்த விதிகளைப் படிக்கிறார்கள்.

அவற்றில் இரண்டை நாம் தெரிந்துகொண்டால் போதும். படிக்கும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு உரிய புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைப் படிக்கக்கூடிய ஒருவர் உண்டு. இந்த இருவரையும் சேர்த்து வைப்பதுதான் நூலகரின் வேலை. கல்யாணத் தரகர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விசாரிப்பார் அல்லவா? அதுபோல நூலகர் புத்தகத்தையும் தெரிந்திருக்க வேண்டும், படிப்பவரையும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அக்காவிடம் நூலகத் தம்பி விசாரித்திருந்தால் எப்படி இருக்கும்?

"அக்கா, உங்களுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?"

"சிரிக்கிற மாதிரி இருக்கணும் தம்பி. அழுகிற கதைதான் வீட்லயே இருக்கே."

"வீட்ல ஆடு இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஒரு இலை தழை விடாது."

"அப்போ இதைப் படிங்க. வைக்கம் முகம்மது பஷீர் எழுதின 'பாத்துமாவின் ஆடு'. இதுல வர்ற ஆடு எழுத்தாளரோட புத்தகத்தையே தின்னுடும்."

"புத்தகத்தையா? குடுங்க, பார்க்கலாம்!"

இரண்டு கேள்விதான் கேட்டார். அக்காவுக்கு ஏற்ற புத்தகம் கிடைத்துவிட்டது.

இரண்டு சாக்கு நூலகம்

எலப்புள்ளியில் இருந்து தெற்கே, இடுக்கி மாவட்டத்து மலைக்குப் போவோம். அங்கே காட்டுக்குள் இடமலைக்குடி இருக்கிறது. 2010ஆம் ஆண்டு அது தனிப் பஞ்சாயத்து ஆனது. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அதுதான். அங்கே வாழ்பவர்கள் முதுவர்கள். அவர்கள் பேச்சு தமிழுக்கு நெருங்கியது. மதுரையில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

இங்கே பி.வி. சின்னத்தம்பி என்பவர் ஒரு சின்ன டீக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையே நூலகம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து 2014ஆம் ஆண்டு எழுதினார். அப்போது சின்னத்தம்பிக்கு வயது 73. அவரிடம் இருந்தவை 160 புத்தகங்கள். அவற்றை இரண்டு சணல் சாக்குகளில் வைத்திருந்தார். உறுப்பினர் ஆக ஒரே முறை 25 ரூபாய். மாதச் சந்தா 2 ரூபாய். யார், எந்தப் புத்தகத்தை, என்றைக்கு எடுத்தார் என்று பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தார். 2013ஆம் ஆண்டில் 37 முறை புத்தகங்கள் எடுக்கப்பட்டிருந்தன.

அந்த 160ம் ஏனோதானோ புத்தகங்கள் அல்ல. தேர்ந்தெடுத்த நல்ல புத்தகங்கள். பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர் போன்றவர்களின் புத்தகங்கள் இருந்தன. சிலப்பதிகாரத்தின் மொழிபெயர்ப்பும் இருந்தது. மதுரையில் நீதி கேட்ட கண்ணகியின் கதை, மதுரையை விட்டு வந்ததாகச் சொல்லும் மக்களின் குடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? புத்தகம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவே நல்ல நூலகம். பதிவேட்டிலும் ஒரு பாடம் உண்டு. ஒரே புத்தகத்தைப் பலர் எடுத்திருக்கிறார்களா? படித்தவர் நம் ஊர்க்காரர்தானே? அவரிடமே போய்க் கேட்கலாம். விளம்பரத்தைவிட அது நல்ல வழி.

படித்தவர் தரும் பட்டியல்

பல புத்தகங்களைப் படித்தவர்கள், இதைப் படியுங்கள் என்று பிறருக்கு எழுதி வைப்பதும் உண்டு. அதைப் பரிந்துரை என்று சொல்கிறோம். தமிழில் க.நா. சுப்ரமண்யம் என்ற எழுத்தாளர் தமக்குப் பிடித்த புத்தகங்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து ஒரு நூல் எழுதினார். அதன் பெயரே 'படித்திருக்கிறீர்களா?' என்பதுதான். இன்று கைபேசியிலும் இப்படிப் பல பட்டியல்கள் கிடைக்கின்றன.

நல்ல பட்டியல் எது? வெறும் பெயர்களை அடுக்கினால் போதாது. புத்தகம் எதைப் பற்றியது, யாருக்குப் பிடிக்கும், படிக்க எளிதா கடினமா என்று சொல்ல வேண்டும். கீழே ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. எல்லாம் தமிழில் கிடைப்பவை.

1. பாத்துமாவின் ஆடு. எழுதியவர் பஷீர். மலையாளத்தில் 1959ஆம் ஆண்டு வந்தது. ஒரு வீடு, நிறைய உறவுக்காரர்கள், ஓர் ஆடு. சிரித்துக்கொண்டே படிக்கலாம். முதலில் இதை எடுக்கலாம்.

2. செம்மீன். எழுதியவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. 1956ஆம் ஆண்டு வந்தது. தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. கடற்கரை மக்களின் வாழ்வும் ஒரு காதலும் உள்ள கதை. சினிமாவாகவும் வந்தது. கதை தெரிந்தவர்களுக்குப் படிப்பது இன்னும் எளிது.

3. கோபல்ல கிராமம். எழுதியவர் கி. ராஜநாராயணன். 1976ஆம் ஆண்டு வந்தது. தெலுங்கு நாட்டில் இருந்து வந்தவர்கள் காட்டை அழித்து ஊர் அமைத்த கதை. தாத்தா பாட்டி சொல்வது போல இருக்கும். கரிசல் காட்டுப் பேச்சு வரும். வாய்விட்டுப் படித்தால் புரியும்.

4. எரியும் பனிக்காடு. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969ஆம் ஆண்டு எழுதினார். தமிழில் தந்தவர் இரா. முருகவேள். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறது. மூணாறு, வால்பாறைக் குடும்பங்களுக்கு இது பாட்டன் பூட்டன் கதை. துயரம் மிகுந்தது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டும்.

5. கசாக்கின் இதிகாசம். எழுதியவர் ஓ.வி. விஜயன். 1969ஆம் ஆண்டு நூலாக வந்தது. தமிழில் தந்தவர் யூமா வாசுகி. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள தஸ்ராக் என்ற ஊரைக் கண்டு எழுதியது. ஓராசிரியர் பள்ளிக்கு வரும் ஒருவரின் கதை. நம் மண்ணின் கதைதான், ஆனால் எளிதல்ல. நாலைந்து புத்தகம் படித்த பிறகு எடுக்கலாம்.

சொன்னதை அப்படியே ஏற்க வேண்டுமா?

வேண்டாம். பட்டியல் என்பது ஒருவரின் ருசி. அவருக்கு இனித்தது நமக்குக் கசக்கலாம். பரிசு வாங்கிய புத்தகம் எல்லாம் நமக்குப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சொல்பவர் யார் என்றும் பாருங்கள். படித்துவிட்டுச் சொல்கிறாரா? விற்பதற்காகச் சொல்கிறாரா?

சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்போம் அல்லவா? புத்தகத்துக்கும் அப்படிப் பார்க்கலாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத சொல் வரும்போது ஒரு விரலை மடக்குங்கள். அந்தப் பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பிறகு பார்க்கலாம். பாதியில் வைத்துவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த புத்தகத்தை எடுங்கள். படிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படித்து முடித்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நேற்று எழுத்துக் கற்றவர் இன்று இன்னொருவருக்குப் புத்தகம் சொல்லலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை. படித்திருந்தால் போதும்.

நினைவில் வைப்போம்

- கேட்கும்போது, எனக்கு இது பிடிக்கும் என்று சொல்லிக் கேட்போம்.
- படித்தவரிடம் கேட்போம்.
- ஒரு பக்கம் படித்துப் பார்த்து எடுப்போம்.
- பிடிக்கவில்லை என்றால் மாற்றுவோம்.
- பிடித்ததைப் பிறருக்குச் சொல்வோம்.

சொல்லும் பொருளும்

பரிந்துரை: இது நல்லது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது.
பதிவேடு: விவரங்களை எழுதி வைக்கும் நோட்டு.
மொழிபெயர்ப்பு: ஒரு மொழியில் உள்ளதை வேறு மொழியில் தருவது.

கலந்து பேசுவோம்

1. முதல் முறை அக்கா ஏன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்?
2. சின்னத்தம்பியின் நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் இருந்தன? அவற்றை எங்கே வைத்திருந்தார்?
3. மேலே உள்ள ஐந்தில் நீங்கள் எதை முதலில் எடுப்பீர்கள்? ஏன்?

செய்து பார்ப்போம்

உங்கள் படிப்பு வட்டத்துக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். புத்தகத்தின் பெயர், படித்தவர் பெயர், யாருக்குப் பிடிக்கும் என்று மூன்று பத்தி போடுங்கள். ஒரு புத்தகம் படித்தவர் ஒரு வரி எழுதட்டும். ஒரு வருடம் போனால் உங்கள் ஊருக்கு என்று ஒரு பட்டியல் தயார். முதல் வரியை நீங்களே எழுதுங்கள்.