கேமரா வாங்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே, கையிலிருக்கும் போனே போதும். அந்தக் காசில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கு. மிச்சமிருந்தால் சின்ன ரெக்கார்டர் ஒன்றும் வாங்கிக்கொள். ஆயுசு முழுக்க ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவன் வேறென்ன சொல்வான் என்று நினைக்கலாம். காரணம் சொல்கிறேன், கேள்.

'16 வயதினிலே' (1977) வந்த காலத்தில் தமிழ்ப் படம் ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போனது. அன்றைக்கு அவுட்டோரில் பெரும்பாலும் ஓடியது ஆரி 2சி கேமரா. தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம், ஆனால் ஓடும்போது தையல் மெஷின் போலச் சத்தம் போடும். அதனால் ஸ்பாட்டில் பதிவான குரல் டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டுமே உதவியது. வசனம், காலடி, வளையல், கதவு எல்லாம் பிறகு போட்டவைதான். வயலும் வெயிலும் நமக்குக் கிடைத்தன. கூடவே, ஸ்பாட்டில் காதைப் பொத்திக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது. கேமராக்கள் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ரூம் டோன் எடுக்க அரை நிமிஷம் அமைதி கேட்டால் முகம் சுளிக்கிற யூனிட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அறையின் வெறும் சத்தம் கையில் இல்லாவிட்டால், எடிட்டர் இரண்டு வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடம் காதில் பள்ளமாக விழும். அந்த அரை நிமிஷத்தை நீயே கேட்டு வாங்கித் தருகிற இயக்குநராக வா.

'பதேர் பாஞ்சாலி' (1955) பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். ஹரிஹர் ஊர் திரும்பும் இடத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார். மகள் துர்கா இறந்தது அவனுக்குத் தெரியாது. வாங்கி வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். துர்காவுக்கென்று வாங்கிய சேலையை நீட்டும்போது மனைவி சர்பஜயா உடைந்து போகிறாள். வாய் திறந்து அழுகிறாள், ஆனால் அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்ச ஸ்தாயியில் கதறுகிறது. அதை ஒருமுறை சத்தத்தோடு பார், ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார், ஒருமுறை திரையை மூடிவிட்டுக் கேள். அவள் முகம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதனால்தான் குரலை எடுத்துவிட முடிந்தது. கேமரா வெகுதூரத்தில் நின்றிருந்தால் ஒலி அறுந்துவிட்டது என்றல்லவா நினைத்திருப்போம்? கேமராவை எங்கே வைப்பது, எந்த ஒலியை விடுவது என்பதை ஒரே மூச்சில் யோசித்தவர்கள் எடுத்த காட்சி அது. நீ கற்க வேண்டியது இந்த யோசனையைத்தான். லென்ஸ் நம்பர்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் பற்றியும் கேட்டிருந்தாய். 'பதேர் பாஞ்சாலி'யின் தொடர்ச்சியான 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் போட்டார்கள். மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வெள்ளைத் துணியைக் கட்டினார். விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி விழுந்த ஒளியில் படம் பிடித்தார். நிஜ முற்றத்தில் வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று பார்த்து வைத்திருந்தவருக்குத்தான் அது தோன்றும். உன் பாட்டி வீட்டு முற்றத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து பார். செலவில்லாத படிப்பு.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) உன்னிடம் இருக்கிறதல்லவா? திரைக்கதை, கேமரா, எடிட்டிங், இயக்கம் எல்லாம் அவரே. பாதி கட்டிய வீட்டைத் தாத்தா தனியாகப் பார்க்கப் போகும் பகுதியை எடுத்துக்கொள். ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா எங்கே நிற்கிறது, காதில் என்ன விழுகிறது, எது விழவில்லை என்று நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. கையெழுத்து கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வாசித்துவிட்டுப் போன் பண்ணுகிறேன்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
பெரியப்பா