களிமண் என்னும் நல்ல பிள்ளை

ஹெலிகாப்டரோடு ஆற்றங்கரை அளக்கக் கிளம்பும் இளம் புவி இயற்பியலாளருக்கு,

1986 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் லிண்டா என்னும் ஊரருகே யூபா ஆற்றின் கரை உடைந்தது. வெள்ளம் கரையைத் தாண்டவில்லை. தங்கத்துக்காக மலையை நீர் பீய்ச்சிக் கரைத்த காலத்துச் சுரங்க மண்ணை வாரிக் குவித்த கரை அது. வழக்கு ஏறத்தாழ 20 ஆண்டு இழுத்து, மாநில அரசு 46 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. கரையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தேடி அதே மாநிலம் பிற்பாடு ஹெலிகாப்டரை அழைத்தது.

வேலை இதுதான்: கயிற்றில் தொங்கும் நீண்ட குழாய் தரைக்குச் சுமார் 30 மீட்டர் மேலே போகும். அதிலுள்ள கம்பிச்சுருள்களின் காந்தப்புலம் மண்ணுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். களிமண் மின்சாரத்தை எளிதாக விடும். மணலும் சரளையும் தடுக்கும். இரண்டு போர் துளைகளுக்கு நடுவே தப்பிவிடும் பழைய ஆற்றுத் தடம், மேலிருந்து பார்த்தால் பட்டையாகத் தெரியும். செலவு தகும்.

மண்ணின் மின்தடையை நிறங்களாகக் காட்டும் வண்ணப்படம் கைக்கு வந்ததும்தான் ஆபத்து. மணல் கெட்டது, களிமண் நல்லது என்று தீர்ப்பெழுதக் கை பரபரக்கும்.

நியூ ஆர்லியன்ஸில் 2005 ஆகஸ்ட் 29 அன்று, கத்ரீனா புயலில், லண்டன் அவென்யூ கால்வாய்ச் சுவரின் அடியில் இருந்தது மணல். தண்ணீர் அதற்குள் புகுந்து சுவரைச் சாய்த்தது. அதே நாளில் 17ஆம் தெருக் கால்வாயில் இருந்தது மென்களிமண். அந்த அடுக்கின் மேல் சுவர் மண்ணோடு வழுக்கிப் போனது. இரண்டிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தாண்டவில்லை. மின்தடைப் படம் முதலாவதைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். இரண்டாவதற்கு நற்சான்று வழங்கியிருக்கும். (இரும்புத் தகடு அடித்த அந்தக் கால்வாய்களில் கருவி உருப்படியாக வேலை செய்திருக்குமா என்பது வேறு கதை.) மின்சாரம் எப்படிப் போகிறது என்பதைத்தான் படம் சொல்லும், மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்லாது.

உப்புநீர் ஊறிய மணலும் களிமண் வேடம் போடும். தரை அணில் தோண்டிய வளை படத்தில் தெரியவே தெரியாது. அதைக் கரைமேல் நடந்துதான் பிடிக்க வேண்டும். போன வெள்ளத்தில் எந்த வயலில் மணலோடு ஊற்று கொப்பளித்தது என்பது கரையோரத்து விவசாயிக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள்.

அறிக்கையில் முதல் பக்கத்துக்குப் போக வேண்டியது, எங்கெங்கே போர் போட வேண்டும் என்ற பட்டியல். நிறம் திடீரென்று மாறும் இடங்களோடு, சந்தேகமே எழாத களிமண் பகுதியிலும் சில துளைகளைச் சேருங்கள். மின்கம்பி குறுக்கிட்டு அளவீடு கெட்ட பகுதிக்கு நிறம் பூசாமல் வெறுமையாகவே விடுங்கள்.