ஒரு திமிலுக்கு ஒரே ஆள்

ஜல்லிக்கட்டில் மாடுபிடிக்கிறவனுக்குப் பயமே கிடையாது என்று வெளியிலிருந்து பேசுகிறார்கள். வாடிவாசல் ஓரம் நிற்கிற எங்கள் எல்லாருக்கும் பயம் உண்டு. எந்த மாட்டை அணையலாம், எதை விட்டு ஒதுங்கலாம் என்று சொல்லித்தருவதே அந்தப் பயம்தான். அது விலகும் நேரத்தில்தான் கொம்பு பாய்கிறது.

பதிவு, மருத்துவச் சோதனை, பனியன் எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகச் சுற்றின் கடைசி நிமிடங்களுக்கு வருகிறேன். அதிக மாடு பிடித்தவர்களுக்குத்தான் அடுத்த சுற்று, முதலிடத்துக்குக் கார். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று மைக்கில் சொன்னதும், அதுவரை நின்று விளையாடும் காளைக்கு ஒதுங்கியவன்கூட அதன்மேல் பாய்வான். கண்ணில் மாடு தெரியாது, எண்ணிக்கை மட்டுமே தெரியும்.

பாலமேட்டில் என் தொடை கிழிந்தது அப்படித்தான். திமிலை முறையாக அணைந்து இரண்டு துள்ளல் தாங்கிவிட்டேன். மூன்றாவது துள்ளலுக்குள் பின்னாலிருந்து ஒருவன் அதே திமிலில் விழுந்தான். இருவர் பிடித்தால் யாருக்கும் கணக்கில்லை என்பது அவனுக்கும் தெரியும். பிடி நழுவியது, மாடு திரும்பியது. நான் அணைந்தது சரிதான். ஆசைப்பட்டு விழுந்தேன் என்று ஊரில் பேசுபவர்களுக்கு இன்றும் இதையே சொல்வேன்.

இளவட்டங்களுக்குச் சொல்கிறேன்: வாடிக்கு நேரே நிற்காதீர்கள். முந்தின சுற்றுகளைப் பார்த்து, ஓடுகிற மாடு எது, சுற்றுகிற மாடு எது என்று மனதில் வையுங்கள். விழுந்தால் உடனே எழாமல் குப்புறக் கிடங்கள். அசைகிற ஆளைத்தான் மாடு குத்தும். பிடித்த கணக்கைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும், நீங்கள் எண்ணாதீர்கள்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததால் 2015, 2016 பொங்கல்கள் வாடி திறக்காமலே கழிந்தன. அந்த இடைவெளியில் பெரியவர்களின் பக்கத்தில் நின்று பழகும் வழக்கம் அறுந்தது. பலர் செல்போனில் பார்த்தே இறங்குகிறார்கள். தடையை நீக்கக் கேட்டு 2017-ல் மதுரைத் தமுக்கம் மைதானத்தில் ராப்பகலாக உட்கார்ந்தோம். 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் நம் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. இப்படி மீட்ட விளையாட்டில் ஒருவனின் அவசரம் இன்னொருவனின் உயிரை எடுக்கக் கூடாது.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் கமிட்டிக்காரர்களே, அடுத்தவர் அணைந்த திமிலில் கை வைப்பவனை அந்தச் சுற்றிலேயே வெளியேற்றுங்கள்.