வீட்டாரின் ஹக்கும் புறாக் கூடும்

"ஹஜ்ரத், புறா வளர்க்கிறது ஹராமுங்களா?"

ஒரு சனிக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் ஹவுள் அருகே ஒரு சகோதரர் இப்படிக் கேட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருப்பவர். கேள்வி சிறியதுதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது மஸ்அலா புறாவோடு முடிவதன்று என்று எனக்குப் பட்டது. உட்காரச் சொன்னேன்.

அவர் பல ஆண்டுகளாக ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் மெஷினை விட்டு எழுவார். வீடு சேரும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அதுவும் சந்தைக்கும், சீட்டுப் பணத்துக்கும், கல்யாண வீட்டுக்கும் போய்விடும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது அவருடைய கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. அரை ஷிப்ட் நின்றது. மாலை ஐந்தரைக்கே வீட்டில் இருக்கலானார்.

கைக்கு வரும் கூலி குறைந்தது. வீட்டில் இருக்கும் நேரம் கூடியது. பொழுது கிடைத்தால் வீடு செழிக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே சச்சரவுதான் கூடிற்று. பதினொரு வயது மகன் மொட்டை மாடியில் நான்கு புறாக்கள் வளர்ப்பதை அப்போதுதான் அவர் கவனித்தார். ஒரு நாள் மஃரிபுக்குப் பாங்கு சொல்லியும் பையன் இறங்கி வரவில்லை. கோபத்தில் புறாக்களைப் பிடித்து, இரண்டு தெரு தள்ளி இருந்த ஒருவருக்கு விற்றுவிட்டார். நான்கு நாளாகப் பையன் அத்தாவிடம் பேசவில்லை.

"புறா பின்னால போறவன் ஷைத்தான்னு பயான்ல கேட்டிருக்கேனுங்க" என்றார்.

அவர் கேட்டது பொய்யல்ல. புறாவைத் துரத்திச் சென்ற ஒருவரைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு கண்டித்ததாக அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. ஆனால் பாதி கேட்டு பத்வா கொடுப்பது நம்மவரிடையே பழகிப்போன ஒன்று. இக்கண்டனம் புறாவே கதியென்று கடமைகளை மறப்பவனையும், பந்தயம் கட்டுபவனையும், மாடியேறி அண்டை வீட்டுப் பெண்கள் புழங்கும் இடத்தை நோட்டமிடுபவனையும் குறிக்கும் என உலமாக்கள் விளக்கியுள்ளனர். குஞ்சு பொரிக்கவும், துணைக்கும், மனமகிழ்ச்சிக்கும் வளர்ப்பது ஆகும். இரையும் தண்ணீரும் தவறாமல் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணின் கதி என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம்.

அவருக்கு இன்னொரு ஹதீஸையும் சொன்னேன். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் என்ற சிறுவர் ஒரு சின்னக் குருவி வைத்து விளையாடி வந்தார். அது செத்துப் போனது. வாடியிருந்த பிள்ளையிடம், அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் குருவியின் பேரையும் பிள்ளையின் பேரையும் எதுகையாக இணைத்து, என்ன ஆயிற்று என்று கொஞ்சலாக விசாரித்தார்கள். புகாரியில் உள்ள இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து 60 பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்). நம் சகோதரருக்கு அவற்றில் ஒன்று போதும் என்று நினைத்தேன்: உம்மத்தின் பாரத்தையெல்லாம் சுமந்தவர்களுக்கு ஒரு பிள்ளையின் குருவியைத் தெரிந்திருந்தது.

அவர் தலை குனிந்தார். "எம் மவனோட புறாவுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்துக்காக ஹலாலாகச் சம்பாதிப்பதும் நன்மையே. நம் சமுதாயத்தைச் சேர்ந்த குலாம் காதர் சாஹிப் 1925-இல் இவ்வூருக்குப் பனியன் தொழிலைக் கொண்டு வந்ததாகச் சொல்வர். அதன் பின் இந்த ஊர் எத்தனையோ ஏற்ற இறக்கம் கண்டுவிட்டது: 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம், 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடல், 2020-இல் கொரோனா ஊரடங்கு. இடையில் வேலை இருக்கும்போது ஓடி ஓடிச் சேர்க்கத்தான் தோன்றும். ஆயினும் அபூதர்தா (ரலி) அவர்கள் இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பிருந்து மனைவியைக் கவனியாதிருந்தபோது, ஸல்மான் (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, ரப்புக்கும் உடலுக்கும் வீட்டாருக்கும் தனித்தனி ஹக்கு உண்டு என்றார்கள். நபி (ஸல்) அவர்களும் அதைச் சரி என்றார்கள். வணக்கமே வீட்டாரின் ஹக்கைத் தள்ளிவிடாதென்றால் ஓவர்டைம் எப்படித் தள்ளும்? (இதைச் சொல்லும்போது எனக்கே உறுத்தியது. மதரஸா, நிகாஹ், பயான் என்று நானும் இரவு பத்துக்கு வீடு போகிறவன்தான். "ஊருக்குச் சொல்றதை வீட்டுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்று என் வீட்டார் சொல்லிக்காட்டியதுண்டு.)

பிறகு, புறாக்களை யார் காசில் வாங்கியது என்று கேட்டேன். பெருநாள் காசைச் சேர்த்துப் பையன்தான் வாங்கினானாம். அப்படியானால் அவை அவன் பொருள். பருவமடையாத பிள்ளையின் பொருளை நியாயமான விலைக்கு விற்கத் தகப்பனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தக் கிரயம் பிள்ளைக்கே சேரும். விற்ற பணம் காஸ் சிலிண்டருக்குப் போய்விட்டது என்றார். "அப்ப அது நீங்க உங்க மவனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அத்தா" என்றேன்.

அடுத்த வாரம் வேறொரு மஸ்அலாவோடு வந்தார். விற்ற நான்கில் இரண்டு தாமாகவே பறந்து மாடிக்கு வந்துவிட்டன! பையன் துள்ளிக் குதிக்கிறான். வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. புறா வீடு தேடி வந்துவிட்டதால் வியாபாரம் முறிந்துவிடாது. அது வாங்கியவர் உடைமை. ஆனால் இகாலா என்று ஒரு வழி உண்டு. விற்றவர் வருந்தி வந்து கேட்டால், வாங்கியவர் மனமொப்பி வியாபாரத்தை ரத்துச் செய்வது. அப்படிச் செய்பவரின் பிழையை அல்லாஹ் மன்னிப்பான் என்று ஹதீஸில் சுபச்செய்தி உள்ளது. தகப்பனும் மகனும் அந்த இரண்டையும் கூடையில் எடுத்துக்கொண்டு சேர்ந்தே போயிருக்கிறார்கள். வாங்கியவர் சிரித்துவிட்டு நான்கையும் கொடுத்து, பணத்தை இரண்டு தவணையாகத் தரச் சொன்னாராம்.

இப்போது பாங்கு சொன்னதும் கூட்டை அடைத்துவிட வேண்டும், பந்தயம் கூடாது, அந்நியப் புறா வந்தால் உரியவரிடம் சேர்க்க வேண்டும், ஞாயிறன்று கூட்டைக் கழுவுவது அத்தாவின் வேலை. நான்கு புறாக்களின் பேரையும் அவர் என்னிடம் ஒப்பித்தார். பையன் அஸருக்கும் மஃரிபுக்கும் அத்தாவோடு முதல் ஸஃப்புக்கு வந்துவிடுகிறான். சுபுஹுக்கு இன்னும் வரவில்லை.